அக்கம்பக்க மருந்தகங்களில் நோயாளிகளின் கருத்தைத் திரட்டிச் சேவையை மேம்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், மளிகைக் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவே இருக்கும் குடும்ப மருந்தகத்திற்குத்தான் சிங்கப்பூரில் நம்மில் பலர் காய்ச்சல் முதல் நீரிழிவு வரை எல்லாவற்றுக்கும் முதலில் செல்கிறோம். 2023 ஜூலை 5ஆம் தேதி அரசாங்கத்தின் ‘மேலும் ஆரோக்கியமான எஸ்ஜி’ திட்டம் தொடங்கியதிலிருந்து, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரு மருந்தகத்தில் பதிந்துகொண்டு அங்குள்ள மருத்துவரிடமே தொடர்ந்து செல்லும்படி ஊக்குவிக்கப்படுகின்றனர். என்றோ ஒரு நாள் வந்துபோகும் நோயாளி மனக்குறையோடு வெளியேறினால் அடுத்த முறை வேறு மருந்தகத்திற்குப் போய்விடுவார்; ஆண்டுக்கணக்கில் வரப்போகும் நோயாளி மனக்குறையை உள்ளே வைத்துக்கொண்டால் இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு, அதை மருத்துவரிடம் சொல்லாமலே மூன்று மாதத்திற்கொரு முறை வந்துபோவார். இரண்டாவது வகை இழப்பு மருந்தகத்தின் கணக்குப் புத்தகத்தில் தெரியவே தெரியாது.

ஆகவே கருத்துத் திரட்டலை முகப்பில் வைக்கும் ஒரு பெட்டியாகவோ, ஐந்து நட்சத்திரத்திற்கான போட்டியாகவோ கருதாமல், நோயாளி மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கும் செய்தியை வெளிக்கொணரும் ஏற்பாடாகக் கருதவேண்டும். ஒன்றிரண்டு மருத்துவர்களை வைத்து நடத்தும் மருந்தகங்களின் உரிமையாளர்கள், மருந்தக நிர்வாகிகள், இத்தகைய முயற்சிக்குக் கைகொடுக்க விரும்பும் தமிழ்ச் சமூக அமைப்புகளின் தொண்டூழியர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

முதல் படி: எதை மாற்ற முடியும் என்று முடிவுசெய்தல்

கேள்வித்தாளை எழுத உட்காருவதற்கு முன்பு, மருத்துவரும் மருந்தக உதவியாளர்களும் ஒருமுறை கூடி உட்கார்ந்து, அடுத்த ஆறு மாதங்களில் தங்களால் உண்மையிலேயே மாற்றக்கூடியவை எவை என்று எழுதவேண்டும். கடையின் பரப்பளவை மாற்ற முடியாது. சாஸ் எனப்படும் சமூகச் சுகாதார உதவித் திட்டத்தின் மானியத் தொகையை மருந்தகம் நிர்ணயிப்பதில்லை. ஆனால் காத்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே சொல்வது, மருந்து கொடுக்கும்போது விளக்கும் முறை, தொலைபேசி அழைப்புக்குப் பதிலளிக்கும் ஒழுங்கு, பரிசோதனை முடிவுகளைத் தெரிவிக்கும் வழி, கட்டணத்தை முன்னரே விளக்குவது ஆகிய அனைத்தும் மருந்தகத்தின் கையில் இருக்கின்றன. மாற்ற இயலாத ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்டால், நோயாளிக்கு ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டு அதை மீறுவதாகவே அது முடியும்.

இந்தக் கூட்டத்தில் உதவியாளர்களை வாயடைத்து உட்காரவைப்பது பெருந்தவறு. எந்த நோயாளி எதற்கு முகம் சுளிக்கிறார், எந்தக் கேள்வி நாளொன்றுக்கு இருபது முறை கேட்கப்படுகிறது என்பதை மருத்துவரைவிட முகப்பில் இருப்பவர்களே நன்கு அறிவர். அதோடு, திரட்டப்படும் கருத்துகள் எவரையும் தண்டிக்கப் பயன்படுத்தப்படமாட்டா என்பதை அவர்களிடம் அன்றே தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் கேள்வித்தாள்கள் சிரித்த முகத்தோடு வருபவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும்.

இரண்டாம் படி: கேள்விகளை அமைத்தல்

பணியின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. “எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியளித்ததா?” என்று கேட்டால் நம் பெரியவர்களிடமிருந்து வரும் விடை பெரும்பாலும் ஒன்றே: “எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்.” அது பொய்யன்று, மரியாதை. மருத்துவரைக் குறைசொல்வது முறையாகாது என்ற எண்ணமும், அடுத்த முறை அவரிடமே போகவேண்டுமே என்ற தயக்கமும் அதில் சேர்ந்திருக்கின்றன. திருப்தியைக் கேட்காமல் நடந்ததைக் கேட்டால் இந்தத் தடையைப் பெருமளவு தாண்டிவிடலாம். “இம்மருந்தைச் சாப்பிடும்போது எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வரவேண்டும் என்று சொன்னார்களா?” என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் சொல்வதில் யாரையும் புண்படுத்தும் உணர்வு எழுவதில்லை. அது வெறும் தகவல். மருந்தகத்திற்கோ அந்தத் தகவலே போதும். மறுநாளே அதைத் திருத்திக்கொள்ளலாம்.

பெரிய அமைப்புகளும் இப்பாடத்தைக் கற்றிருக்கின்றன. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை 2013இல் தொடங்கிய கருத்தறியும் திட்டத்தில், இந்தச் சேவையை நண்பருக்கோ குடும்பத்தாருக்கோ பரிந்துரைப்பீர்களா என்று நோயாளிகளிடம் கேட்டுவந்தது. 2020 ஏப்ரலில் அக்கேள்வியைக் கைவிட்டு, உங்கள் அனுபவம் ஒட்டுமொத்தமாக எப்படி இருந்தது என்று நேரடியாகக் கேட்கத் தொடங்கியது. மருத்துவரின் பரிவை மட்டும் அளப்பதற்கு, கிளாஸ்கோவில் உருவாகி 2004இல் வெளியான ‘கேர்’ அளவீடு பத்துக் கேள்விகளைக் கொண்டது. உங்கள் கதையைச் சொல்ல இடம் கொடுத்தாரா, உண்மையாகவே செவிமடுத்தாரா என்று அது ஒவ்வொன்றாகக் கேட்கிறது. அதை அப்படியே எடுத்தாள வேண்டும் என்பதில்லை. கேள்விகள் எந்த அளவுக்குக் குறிப்பானவையாக இருக்கவேண்டும் என்பதை அறிந்துகொள்ள அதைப் பார்ப்பது நல்லது.

ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கும் எட்டுக் கேள்விகள் போதும். கீழே உள்ள மாதிரியை ஒவ்வொரு மருந்தகமும் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

1. உங்கள் முறை வர ஏறக்குறைய எவ்வளவு நேரமாகும் என்று யாராவது சொன்னார்களா?
2. நீங்கள் வந்த காரணத்தை முழுமையாகச் சொல்லி முடிக்க மருத்துவர் நேரம் கொடுத்தாரா?
3. உங்களுக்கு என்ன பிரச்சினை என்பதை இப்போது வீட்டில் உள்ள ஒருவருக்கு உங்களால் விளக்கிச் சொல்ல முடியுமா?
4. ஒவ்வொரு மருந்தையும் எப்போது, எத்தனை நாள் சாப்பிடவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியுமா?
5. எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வரவேண்டும் என்று சொன்னார்களா?
6. எதற்கு எவ்வளவு கட்டணம், மானியம் எவ்வளவு கழிக்கப்பட்டது என்பது பணம் செலுத்துவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்ததா?
7. மருத்துவரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் வந்துவிட்ட ஏதாவது உண்டா? இருந்தால், ஏன் கேட்கவில்லை?
8. அடுத்த முறை நீங்கள் வரும்போது இங்கே ஒன்றே ஒன்று மாறியிருக்கவேண்டும் என்றால், அது எதுவாக இருக்கவேண்டும்?

முதல் ஆறு கேள்விகளுக்கும் ‘ஆம்’, ‘ஓரளவு’, ‘இல்லை’, ‘எனக்குப் பொருந்தாது’ என்ற நான்கு கட்டங்கள் போதும். ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடச் சொல்வதை நான் ஆதரிப்பதில்லை. ஏழு போட்டவருக்கும் எட்டு போட்டவருக்கும் என்ன வேறுபாடு என்று மருந்தகத்தில் எவராலும் சொல்ல முடியாது. எண் இருக்கும், செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

ஏழாம் கேள்வியைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். வரிசையில் இன்னும் பன்னிரண்டு பேர் காத்திருக்கும்போது, சர்க்கரைக்காக வந்த ஓர் அம்மா சிறுநீரை அடக்க முடியாத சங்கடத்தைச் சொல்லாமலே எழுந்துவிடுவார். மருத்துவர் ஆண் என்பதும், பக்கத்தில் மகன் நிற்பதும், அடுத்த எண் திரையில் ஏற்கெனவே மின்னிக்கொண்டிருப்பதும் அதற்குக் காரணங்களாகலாம். ‘ஏன் கேட்கவில்லை’ என்ற இணைப்புக் கேள்விக்கு வரும் பதில்களை நான்கைந்து வாரங்கள் தொகுத்துப் பார்த்தால், மருந்தகத்தின் எந்த வழக்கம் நோயாளிகளின் வாயைக் கட்டுகிறது என்பது புலப்படும். எட்டாம் கேள்வியும் இதே போக்கில் அமைந்ததே. “வேறு கருத்து ஏதும் உண்டா?” என்றால் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்றை மாற்றியே ஆகவேண்டும் என்று கேள்வியே எடுத்துக்கொள்ளும்போது, குறைசொன்னவர் என்ற பெயர் பதிலளிப்பவர்மேல் விழுவதில்லை.

மூன்றாம் படி: மொழியைச் சரிபார்த்தல்

சிங்கப்பூரில் கேள்வித்தாளை ஆங்கிலத்தில் மட்டும் வைத்தால், கருத்து மிகத் தேவைப்படும் முதியவர்களிடமிருந்து அது வராது. நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் தாள் இருப்பது நன்று. தமிழ்த் தாளைப் பொறுத்தவரை, மொழிபெயர்ப்பு மென்பொருள் தந்ததை அப்படியே அச்சடிப்பதைத் தவிர்த்து, தமிழிலேயே எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதவைக்கவேண்டும். பிறகு அம்மருந்தகத்திற்கு வழக்கமாக வரும் வெவ்வேறு வயதினர் மூன்று நான்கு பேரிடம் தாளைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லவேண்டும். படிக்கும்போது அவர்கள் எந்த இடத்தில் நின்றார்கள், எதை இரண்டாம் முறை படித்தார்கள், கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு அவ்விடங்களைத் திருத்தவேண்டும். இச்சோதனைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. மருத்துவச் சொற்களில் மக்கள் வாயில் வழங்குபவையே இருக்கட்டும்: ‘நீரிழிவு’ என்பதோடு ‘சர்க்கரை’யும், ‘இரத்த அழுத்தம்’ என்பதோடு ‘பிரஷர்’ என்பதும் சேர்ந்தே இருக்கலாம்.

எழுத்தின் அளவு பெரிதாக இருக்கவேண்டும். தமிழைச் சரளமாகப் பேசினாலும் படிக்கும் பழக்கமில்லாத பாட்டிமார்கள் உள்ளனர். அவர்களுக்காகக் கேள்விகளைப் பதிவுசெய்து, கியூஆர் குறியீட்டை வருடினால் குரலாகக் கேட்கும்படி செய்யலாம். ஆனாலும் அருகில் அமர்ந்து ஒருவர் வாசித்துக் காட்டுவதற்கு அது ஈடாகாது. இளையர் பலருக்கு ஆங்கிலத் தாளே எளிதாக இருக்கும் என்பதால், முகத்தைப் பார்த்து ஊகிக்காமல், எந்த மொழித் தாள் வேண்டும் என்று கேட்டுக் கொடுக்கவேண்டும்.

நான்காம் படி: யாரிடம், எப்போது, யார் கேட்பது

மருந்தகம் காலை, பிற்பகல், இரவு என்று பிரிந்து இயங்கினால், ஒவ்வொரு வேளைக்கும் வருகிறவர்கள் வேறு. திங்கட்கிழமை காலையில் மருத்துவ விடுப்புச் சான்றிதழ் தேவைப்படும் ஊழியர்கள் கூடுவார்கள். வாரநாள் முற்பகலில் முதியவர்கள். இரவு எட்டு மணிக்குமேல் வேலை முடிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர். ஒரே வேளையில் திரட்டிய கருத்து அந்த வேளையைப் பற்றியது மட்டுமே. எனவே எல்லா வேளைகளையும் உள்ளடக்கிய ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு வேளையிலும் வரிசை எண்ணின்படி மூன்றாவதாக வருபவருக்கெல்லாம் தாள் கொடுப்பது என்பது போன்ற விதியை வகுத்துக்கொள்ளவேண்டும். விதி இயந்திரத்தனமாக இருப்பதே நல்லது. யாருக்குக் கொடுப்பது என்று உதவியாளர் தாமே தேர்ந்தெடுக்கும் நிலை வரக்கூடாது.

கேட்கும் நேரமும் முக்கியம். காத்திருப்பு, முகப்பில் நடத்தப்பட்ட விதம், கட்டணம் ஆகியவற்றை வெளியேறும்போதே கேட்டுவிடலாம். மருந்து பற்றிய கேள்விகளுக்கு இரண்டு நாள் கழித்துக் கேட்பதே பொருத்தம், ஏனெனில் மருந்தகத்தில் தலையசைத்தவருக்கு வீட்டில் உறையைப் பிரித்த பிறகுதான் ஐயம் எழும். முன்னரே ஒப்புதல் தந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ இரண்டே கேள்விகள் அனுப்பலாம். தொலைபேசி இணைப்பைச் சொடுக்கவே அஞ்சும் அளவுக்கு மோசடிச் செய்திகள் பெருகிவிட்ட இக்காலத்தில், இன்ன நாளில் இன்ன எண்ணிலிருந்து செய்தி வரும் என்பதை மருந்தகத்திலேயே ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கவேண்டும். செய்தியில் இணைப்பு எதுவும் இல்லாமல், ‘1’ அல்லது ‘2’ என்று பதில் அனுப்பினாலே போதும் என்ற ஏற்பாடு இன்னும் பாதுகாப்பானது.

தாளை மருத்துவரோ மருந்து கொடுப்பவரோ கையில் வாங்கக்கூடாது. முகப்பில் உள்ளவர் ஒரு கைக்கணினியை நீட்டி, “இதுல ஒரு தட்டு தட்டிட்டுப் போங்கம்மா” என்று சொல்லி எதிரிலேயே நின்றால், அந்த அம்மாவின் விரல் நேராகச் சிரிக்கும் முகத்துக்குத்தான் போகும். வெளியிலிருந்து வரும் தொண்டூழியர் ஒருவர் கதவுக்கு அப்பால், கீழ்த்தள இருக்கை ஒன்றில் அமர்ந்து பேசினால் பதில்களின் நிறமே மாறிவிடும். அந்தத் தொண்டூழியர் ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டிருக்கவேண்டும். நோயின் பெயரை அவர் கேட்கவே கூடாது.

முதியவர்களோடு வரும் மகளோ மருமகனோ பணிப்பெண்ணோ பதிலளிப்பதும் உண்டு. அதில் தவறில்லை, பராமரிப்பவரின் அனுபவமும் தேவையே. ஆனால் பதிலளித்தவர் நோயாளியா, உடன் வந்தவரா என்பதற்குத் தாளின் தலைப்பில் ஒரு கட்டம் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், “மருத்துவர் என் அம்மாவிடம் பேசாமல் என்னிடமே பேசினார்” என்பது போன்ற அரிய குறிப்புகள் அடையாளம் தெரியாமல் போய்விடும்.

இனி, வராதவர்கள். வரிசை எண் எடுத்துவிட்டு மருத்துவரைப் பார்க்காமலே கிளம்பியவர்களையும், தொடர் சிகிச்சைக்கு வரவேண்டிய நாள் கடந்தும் வராதவர்களையும் மாதத்திற்குச் சிலர் வீதம் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது பயன் தரும். “ஏன் வரவில்லை?” என்பது விசாரணைபோல் ஒலிக்கும் என்பதால், “மீண்டும் வருவதற்கு எது தடையாக இருக்கிறது?” என்று கேட்கலாம்.

வெளிநாட்டு ஊழியர்களிடம் தனிக் கவனம் வேண்டும். கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய், ரசாயன ஆலைகள் போன்ற செயல்முறைத் துறை ஆகியவற்றில் வேலை செய்பவர்களுக்கும் தங்குவிடுதியில் வசிப்பவர்களுக்கும் 2022 ஏப்ரல் முதல் அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் என்ற மருத்துவத் திட்டத்தை முதலாளிகள் வாங்கவேண்டும் என்பது விதி; இவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தமிழர் பலர். மருந்தகத்தில் தாம் சொல்வது நிறுவனத்தின் காதுக்குப் போய்விடுமோ என்ற அச்சம் இவர்களுக்கு இயல்பாகவே இருக்கும். தாளின் முதல் வரியிலேயே, “இது உங்கள் முதலாளிக்கோ மேற்பார்வையாளருக்கோ அனுப்பப்படாது” என்று தமிழில் அச்சிடவேண்டும். அவர்களை அழைத்துவந்த மேற்பார்வையாளர் அருகில் இருக்கும்போது தாளை நீட்டவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா வட்டாரத்தில் திறந்திருக்கும் மருந்தகம் என்றால் அன்றைய வேளையைத் தனி மாதிரியாகவே கருதித் திரட்டலாம்.

ஐந்தாம் படி: தனிநபர் தரவும் விளம்பர விதிகளும்

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறியது. அதன்படி ஒவ்வொரு நிறுவனமும் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்திருக்கவேண்டும். கருத்துத் திரட்டலைத் தொடங்கும் முன்பு அவரிடம் தாளைக் காட்டிவிடவேண்டும். எதற்காகத் திரட்டுகிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்ற மூன்றையும் தாளிலேயே இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அடையாள அட்டை எண் இங்கு அறவே தேவையில்லை. 2019 செப்டம்பர் 1 முதல் சட்டத் தேவையோ மிகத் துல்லியமாக அடையாளம் காணும் அவசியமோ இல்லாத இடத்தில் அதைக் கேட்பதற்கே அனுமதியில்லை.

பெயர் கேட்கவில்லை என்பதாலேயே தாள் அடையாளமற்றதாகிவிடாது. சிறிய மருந்தகத்தில் இனம், வயது, பாலினம், வந்த நாள், பார்த்த மருத்துவர் ஆகிய ஐந்தையும் கேட்டால், செவ்வாய்க்கிழமை காலை வந்த எண்பது வயது இந்திய மூதாட்டி யார் என்பது உதவியாளருக்கு உடனே தெரிந்துவிடும். ஆகவே வயதை மூன்று பெரிய பிரிவுகளாக மட்டும் கேட்டு, நாளுக்குப் பதில் மாதத்தைக் குறித்தால் போதுமானது. பிரிவுவாரியாகக் கணக்குப் போடும்போது, ஒரு பிரிவில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அதைத் தனியே வெளியிடாமல் இருப்பது நல்ல வழக்கம்.

இணையத்தில் நட்சத்திர மதிப்பீடு கேட்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். மருந்தக விளம்பரங்களில் நோயாளிகளின் புகழுரைகளைப் பயன்படுத்துவதற்குச் சிங்கப்பூரில் கட்டுப்பாடுகள் உண்டு. தாளில் எழுதிய நல்ல வாக்கியத்தை எடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவது, நல்ல மதிப்பீட்டுக்குப் பரிசு தருவது, மகிழ்ச்சியானவர்களை மட்டும் மதிப்பீடு எழுதத் தூண்டுவது ஆகியவற்றை விட்டுவிடவேண்டும். எவரோ இணையத்தில் குறைசொல்லி எழுதியிருந்தால், அவர் தம் மருந்தகத்தின் நோயாளி என்பதை உறுதிப்படுத்துவதுகூட ரகசியத்தை மீறுவதாகலாம். “எங்களை நேரில் தொடர்புகொள்ளுங்கள், கேட்டறிய விரும்புகிறோம்” என்பதோடு நிறுத்திக்கொள்வதே விவேகம்.

ஆறாம் படி: அன்றாடம் வாசித்தல்

தாள்களை மாதக் கடைசிவரை பெட்டியில் பூட்டி வைப்பது ஆபத்தானது. எவராவது “தவறான மருந்து கொடுத்துவிட்டார்கள்” என்றோ “மாத்திரை சாப்பிட்டதிலிருந்து உடம்பெல்லாம் தடிப்பு” என்றோ எழுதியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் மருந்தகம் மூடும் முன்பு ஒருவர் எல்லாத் தாள்களையும் வாசித்து, பாதுகாப்புத் தொடர்பானவற்றை அன்றே மருத்துவரிடம் தரவேண்டும். பெயரில்லாத தாளை எழுதியவரைத் தேடிப்பிடிக்க முடியாது என்பதால், “உடனடி உதவிக்கு இத்தாளைப் பயன்படுத்தவேண்டாம், மருந்தகத்தை அழையுங்கள், அவசரநிலை என்றால் 995” என்ற வரி தாளின் மேற்பகுதியில் கட்டாயம் இருக்கவேண்டும். மருத்துவரின் தொழில்முறை நடத்தை பற்றிய கடுமையான புகார் என்றால், அது கேள்வித்தாளோடு முடிவதில்லை. சிங்கப்பூர் மருத்துவ மன்றத்திடம் சத்தியப் பிரமாண வாக்குமூலத்துடன் புகார் அளிக்கும் வழி நோயாளிக்கு உண்டு. அதை மறைக்க முயலும் மருந்தகம், மற்றக் கேள்விகளுக்கும் நேர்மையான பதிலைப் பெறாது.

ஏழாம் படி: எண்ணுதலும் பொருள்கொள்ளுதலும்

நூறு பேரில் 80 பேர் ‘ஆம்’ என்றால், உண்மை நிலை 72க்கும் 88க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று மட்டுமே சொல்ல இயலும். முப்பது பேர் மட்டுமே பதிலளித்திருந்தால் அந்த இடைவெளி இருபுறமும் ஏறக்குறைய 14 விழுக்காடாக விரியும். எனவே 78 விழுக்காடு அடுத்த மாதம் 81 ஆனதைக் கொண்டாடுவதும், 75 ஆனதற்காக உதவியாளரைக் கடிந்துகொள்வதும் ஒன்றுபோல் பொருளற்றவை. ஒரு மருத்துவரை இன்னொரு மருத்துவரோடு ஒப்பிடுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதோடு, ஒருவர் காய்ச்சல்காரர்களையும் மற்றவர் நாட்பட்ட நோயாளிகளையும் பார்த்தால் ஒப்பீடே செல்லாது.

வாரந்தோறும் சிறு அளவில் தொடர்ந்து திரட்டி, விழுக்காட்டை ஒரு கோட்டு வரைபடத்தில் புள்ளியாக வைத்து, அப்புள்ளிகளின் நடு மதிப்பை (சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வருவதை) கோடாக வரைந்துகொள்வது நல்ல முறை. தொடர்ந்து ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தால், ஏதோ உண்மையிலேயே மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். வரைபடத்தாளும் பென்சிலும் இதற்குப் போதும்.

திறந்த பதில்களை இருவர் தனித்தனியாக வாசித்து, ‘காத்திருப்பு’, ‘மருந்து விளக்கம்’, ‘கட்டணம்’, ‘தனிமை’, ‘பேசும் விதம்’ என்ற தலைப்புகளின் கீழ் பிரித்துவிட்டுப் பிறகு ஒப்பிடவேண்டும். இருவரும் வேறுபடும் இடங்களில்தான் உரையாடல் சூடுபிடிக்கும். ஒரே ஒருவர் சொன்னார் என்பதற்காக ஒரு கருத்தைத் தள்ளிவிடவும் கூடாது: சக்கர நாற்காலி வாசற்படியில் ஏறவில்லை என்பதைச் சொல்ல ஒருவரே போதும். காத்திருப்பைப் பொறுத்தவரை, நோயாளிகள் சொல்வதோடு வரிசை இயந்திரம் காட்டும் பதிவு நேரத்தையும் அழைக்கப்பட்ட நேரத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எவ்வளவு நேரமாகும் என்று அறியாமல் காத்திருக்கும் இருபது நிமிடம், அறிந்து காத்திருக்கும் நாற்பது நிமிடத்தைவிட நீளமாகத் தோன்றுவது உண்டு. அத்தகைய இடத்தில் தேவைப்படுவது கூடுதல் மருத்துவர் அல்ல, ஓர் அறிவிப்பு.

எட்டாம் படி: ஒன்றை மாற்றிப் பார்த்தல்

ஒரு கற்பனை மருந்தகத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு வாரத் தாள்களில் நான்காம் கேள்விக்கு முதியவர்களிடையே ‘ஓரளவு’, ‘இல்லை’ என்ற பதில்கள் குவிந்திருக்கின்றன. எட்டாம் கேள்வியில் ஒருவர், “எல்லார் முன்னாலும் சத்தமா மருந்து பேரைச் சொல்றாங்க, கூச்சமா இருக்கு, சரி சரின்னு வாங்கிட்டு வந்துடுறேன்” என்று எழுதியிருக்கிறார். சிங்கப்பூரில் குடும்ப மருந்தகங்கள் பெரும்பாலும் மருந்தைத் தாமே கொடுக்கின்றன என்பதால், இந்த விளக்கம் நடக்கும் இடம் பணம் செலுத்தும் அதே முகப்பு. பின்னால் வரிசை, உறைமேல் ஆங்கிலக் குறிப்பு, நான்கு பொட்டலங்கள், விளக்குவதற்கு ஒரு நிமிடம்.

இங்கே சிக்கல் இரண்டு: இடமும் குறிப்பும். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். முதலில் முகப்பின் ஓரத்தில் ஒரு சிறு தடுப்பு வைத்து, ஐந்துக்கு மேற்பட்ட மருந்து வாங்குபவர்களையும் 65 வயதைக் கடந்தவர்களையும் அங்கே அமரவைத்துத் தாழ்ந்த குரலில் விளக்கலாம். ஆறு வாரம் கழித்து, காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலவும் வரைந்த தமிழ்ச் சீட்டு ஒன்றை உறையோடு இணைத்துப் பார்க்கலாம். சீட்டை வாங்கியவரிடம் “நான் சொன்னது புரிந்ததா?” என்று கேட்காமல், “நாளைக் காலையில் எதையெல்லாம் சாப்பிடுவீங்க, ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்டால், புரியாதது அங்கேயே வெளிப்பட்டுவிடும். வரைபடத்தில் கோடு நகர்ந்ததா என்பதை அடுத்த வாரங்கள் காட்டும். நகரவில்லை என்றால், அந்த மாற்றத்தைக் கைவிட்டு வேறொன்றை முயலவேண்டும்.

ஒன்பதாம் படி: நோயாளிகளுக்குத் திருப்பிச் சொல்லுதல்

பல முயற்சிகள் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. வரிசை எண் திரையின் பக்கத்தில், எல்லாரும் எப்படியும் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சுவரில், நான்கு மொழிகளிலும் ஒரு தாள் ஒட்டினால் போதும்: எத்தனை பேர் பதிலளித்தார்கள், அதிகம் பேர் சொன்ன மூன்று குறைகள் எவை, அவற்றில் எது மாற்றப்பட்டது, எது எப்போது மாற்றப்படும், எதை மாற்ற இயலாது, ஏன். கடைசிப் பகுதியை விட்டுவிடும் ஆசை எல்லா மருந்தகங்களுக்கும் வரும். “இரவு ஒன்பதுக்குப் பிறகும் திறந்திருக்கவேண்டும் என்று பலர் கேட்டீர்கள், இரண்டாவது மருத்துவர் கிடைக்கும்வரை இயலாது, அந்த நேரத்தில் திறந்திருக்கும் அருகிலுள்ள மருந்தகங்களின் பட்டியல் முகப்பில் உள்ளது” என்று வெளிப்படையாகச் சொன்னால் எவரும் கோபித்துக்கொள்வதில்லை. தாளை நிரப்பியவர் தம் கருத்து வாசிக்கப்பட்டதைக் கண்ணால் காணும்போதுதான் அடுத்த சுற்றிலும் நிரப்புவார்.

அடுத்த சுற்றுக்குக் கேள்வித்தாளைத் திருத்தும்போது, எட்டில் குறைந்தது மூன்றை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே வைத்திருக்கவேண்டும். இல்லையேல் முன்பு எடுத்த கணக்கோடு ஒப்பிட வழியிருக்காது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ‘ஆம்’ என்று தொடர்ந்து சொல்லிவரும் கேள்வியை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் புதிதாக எழுந்த ஐயம் ஒன்றை வைக்கலாம். பரிசோதனை முடிவுகள் எத்தனை நாளில் தெரிவிக்கப்பட்டன என்பதும், ‘மேலும் ஆரோக்கியமான எஸ்ஜி’யின்கீழ் தமக்கான தனிப்பட்ட சுகாதாரத் திட்டத்தை மருத்துவர் வகுத்தபோது நோயாளி தம் விருப்பத்தைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததா என்பதும் அப்படிச் சேர்க்கத் தக்கவை.